இறங்கிக்கொண்டே போகும் சைக்கிள் சீட்: இறுக்குவதா, தகடு வைப்பதா, பில்லரையே மாற்றுவதா?

"மாமா, காலையில ஏத்தி வெச்ச சீட்டு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள எறங்கிடுது. ஒரு கடையில கிளாம்ப மாத்தச் சொல்றாங்க, இன்னொரு கடையில வெல்டிங் வெச்சிடலாம்கறாங்க. நான் எதைச் செய்யட்டும்?"

அக்கா மகள் கேட்டது. பிளஸ் ஒன் சேர்ந்தபோது பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மிதிக்கும் எங்கள் கூட்டத்திலும் இதே கேள்வி அடிக்கடி வரும். ஆல்பேட்டையில் கிளம்பும்போது சரியாக இருந்த சீட், ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அரியாங்குப்பம் போய்ச் சேரும்போது முட்டி வலிக்க ஆரம்பித்திருக்கும். சீட் தாழ்ந்தால் கால் முழுதாக நீளாது. மடங்கிய முட்டியோடேயே மிதியை அழுத்த வேண்டும். பாரம் மொத்தமும் முட்டிக்குத்தான் போகும்.

சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய்க்குக் கடைக்குக் கடை ஒரு பெயர்: சீட் பில்லர், சீட் போஸ்ட், சீட் கம்பி. நான் பில்லர் என்றே எழுதுகிறேன். பில்லர் நுழையும் ஃபிரேமின் வாயில் ஒரு பிளவு இருக்கும்; அந்த வாயை நெருக்கி பில்லரை இறுகப் பிடிப்பதுதான் கிளாம்ப்.

நகர்வது பில்லர்தானா?

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. பில்லர் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் அதைச் சுற்றி ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஃபிரேமின் வாயையும் டேப்பையும் சேர்த்து மார்க்கரால் நேர்கோடு ஒன்று போடுங்கள். இரண்டு நாள் ஓட்டுங்கள்.

டேப் ஃபிரேமின் வாயில் மாட்டிச் சுருங்கியிருந்தால் பில்லர் இறங்குகிறது. டேப் அப்படியே இருந்து கோடு மட்டும் விலகியிருந்தால் பில்லர் சுழல்கிறது. இதுவும் பிடி போதாததால் வருவதுதான், கொஞ்ச நாளில் இறங்கவும் தொடங்கும். டேப்பும் கோடும் அசையவே இல்லை, ஆனால் சீட்டின் மூக்கு மட்டும் மேலேயோ கீழேயோ சாய்கிறது என்றால் பில்லர் மேல் பழி போடாதீர்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கிளிப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. அதை மட்டும் மாற்றினால் போதும். கீழே எழுதியிருக்கும் எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். பில்லரில் ஒரு கோடோ எழுத்தோ பொறித்திருக்கும், அதற்கு மேல் வெளியே இழுக்கக் கூடாது என்று. உயரமானவர்கள் அதைத் தாண்டி இழுத்து வைத்திருப்பார்கள். உள்ளே இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். அவ்வளவு குறைவாக உள்ளே இருக்கும் பில்லரை எந்த கிளாம்பும் ஒழுங்காகப் பிடிக்காது. போதாததற்கு நெம்புகோல் போல ஃபிரேமின் வாயையே அது பிளந்துவிடும். அந்த நிலையில் நீளமான பில்லர் வாங்குவதைத் தவிர வேறு வழியைத் தேடவே கூடாது.

எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, இறங்காமல் நிற்குமா என்பது. சரி, அது வேண்டும்தான். இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: வேண்டும்போது வெளியே வருமா?

கோயம்புத்தூரில் இருந்தால் இதை நான் இரண்டு வரியில் முடித்திருப்பேன். இங்கே கடலூரில் முடியாது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வீசும் காற்று திருப்பாப்புலியூர் வரை இரும்புக் கதவையே தின்கிறது, சைக்கிளை விடுமா? அலுமினிய பில்லர், இரும்பு ஃபிரேம், நடுவே உப்பு ஈரம் — இந்த மூன்றும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் பில்லரைச் சுற்றி ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும். இரும்புக்குள் இரும்பு என்றால் துரு அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

இது எனக்குப் பட்டறிவு. அப்பாவின் பழைய கருப்பு சைக்கிளுக்கு அலாய் பில்லர், அதாவது அலுமினியக் கலவையில் செய்தது, ஒன்று வாங்கிப் போட்டேன். "கிரீஸ் போட்டா வழுக்கிடும் தம்பி, காயவெச்சுப் போடுங்க" என்றார் கடைக்காரர். போட்டேன். சீட் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை, ரொம்ப சந்தோஷம். ஒன்றரை வருஷம் கழித்து உயரம் மாற்றப் போனால் ஸ்பேனர், சுத்தியல், மண்ணெண்ணெய், வெந்நீர் எதற்கும் மசியவில்லை. கடைசியில் லேத்துப் பட்டறையில் பில்லரின் தலையை வெட்டி, ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு நெடுக அறுத்து, துண்டு துண்டாக உரித்து எடுத்தார்கள். அரை நாள் வேலை. கூலி பில்லர் விலையைவிடப் பல மடங்கு.

மூன்றாவது, உயரத்தை மாற்ற முடியுமா? ஒரே சைக்கிளை அண்ணன், தங்கை, அப்பா மூவரும் ஓட்டும் வீடுகள் நம் ஊரில் நிறைய. வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏற்ற வேண்டும். நான்காவது, ஃபிரேமுக்குச் சேதம் வருமா? பில்லர் போனால் இன்னொன்று வாங்கலாம், ஃபிரேம் போனால் சைக்கிளே போன மாதிரி. செலவு இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இந்த வேலைகளில் பெரும்பாலானவை சில நூறு ரூபாய்க்குள் முடிபவை.

துடைத்து, கிரீஸ் போட்டு, திரும்ப மாட்டுவது

இதை ஒரு தேர்வு என்றே பலர் எண்ணுவதில்லை. பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

பில்லரை முழுக்க வெளியே எடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும் தென்பெண்ணை வெள்ளமும் வந்து போன பிறகு ஒரு சைக்கிளின் பில்லரை எடுத்தேன். குழாயைக் கவிழ்த்தால் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. அந்தச் சேறு காய்ந்து மாவாகி பில்லரைச் சுற்றி இருந்தால் எப்படிப் பிடிக்கும்? குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஃபிரேமின் வாயில் வெட்டிய பிளவின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அதையும் அரத்தால் நீவிவிடுங்கள். நன்றாகக் காய விடுங்கள்.

அப்புறம் கிரீஸ். போட்டால் வழுக்காதா என்பது நியாயமான சந்தேகம். பில்லர் ஃபிரேமுக்குச் சரியான அளவாக இருந்து, கிளாம்பும் ஒழுங்காக இறுகினால் மெல்லிய கிரீஸ் படலத்தோடும் பில்லர் அசையாமல் நிற்கும். கிரீஸ் போட்டதும் இறங்குகிறது என்றால் பில்லரின் அளவிலோ கிளாம்பிலோ கோளாறு இருக்கிறது. கிரீஸ் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். கடலோரத்தில் கிரீஸ் இல்லாமல் உலோக பில்லரை மாட்டாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

கார்பன் இழையில் செய்த பில்லர் மட்டும் இதற்கு விலக்கு. அதற்குக் கிரீஸ் ஆகாது. கார்பனுக்கென்றே நுண்மணிகள் கலந்த பசை ஒன்று விற்கிறார்கள். வழுக்காமல் பிடிப்பதற்காகவே செய்தது. இறங்கும் அலுமினிய பில்லருக்கும் அதைப் பூசலாம், நன்றாகவே பிடிக்கும். ஆனால் பில்லரில் கீறல் விழும். நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆன்லைனில் சின்னப் பாக்கெட்டாக வாங்கலாம். "அந்த நுண்மணி நம்ம பீச் மணல்தானே" என்று சில்வர் பீச்சிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். மணலோடு உப்பையும் சேர்த்து உள்ளே கொட்டினார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

போல்ட்டையோ கிளாம்பையோ மாற்றுவது

பழைய வகை இரும்பு சைக்கிளில் ஃபிரேமோடு சேர்ந்த இரண்டு காதுகள் இருக்கும். அவற்றின் ஊடே ஒரு சீட் போல்ட் போகும். வருஷக்கணக்கில் நீளமான ஸ்பேனரை வைத்து முறுக்கி முறுக்கி அந்த போல்ட் இழுபட்டு, மரை தேய்ந்திருக்கும். இறுக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் கனமாகாமல் சும்மா சுற்றிக்கொண்டே போனால் மரை போய்விட்டது என்று அர்த்தம். புது போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் சேர்ந்து ஒரு மசால் தோசை விலைகூட ஆகாது. இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் இறுக்கும் முன் காதுகளைப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டனவா? தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் அந்த விசை காதுகளுக்குள்ளேயே தீர்ந்துபோகும்; பில்லருக்குப் போய்ச் சேராது. பில்லர் அளவு குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. இங்கே போல்ட்டை மாற்றுவது வீண். பலம் போட்டு முறுக்கினால் காது உடையும்.

கியர் சைக்கிள்களில் கிளாம்ப் தனி வளையமாக வரும். அதை வாங்கும்போது பில்லரின் அளவைச் சொல்லிக் கேட்காதீர்கள். கிளாம்ப் பிடிப்பது ஃபிரேமின் வெளிப்புறத்தை. 28.6, 31.8, 34.9 மி.மீ. என்று மூன்று அளவுகள்தான் அதிகம் புழங்குகின்றன. வெர்னியர் என்னும் நுண் அளவுகோலால் ஃபிரேமை அளந்துவிட்டுப் போங்கள். போல்ட்டின் மரையிலும் தலைக்கு அடியிலும் ஒரு சொட்டு கிரீஸ் வைத்தால் அதே முறுக்கில் கூடுதல் இறுக்கம் கிடைக்கும். எவ்வளவு முறுக்கலாம் என்பது நியூட்டன் மீட்டர் கணக்கில் கிளாம்பிலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் 5 முதல் 7 வரை. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வீட்டில் யாரிடம் இருக்கிறது? எல் வடிவ ஆலன் கீயை விரல்களால் பிடித்து உறுதியாக முறுக்குங்கள், அதில் குழாய் சொருகி முறுக்காதீர்கள்.

கையால் மடக்கும் குயிக் ரிலீஸ் நெம்பு இருந்தால் தனிக் கவனம் வேண்டும். பலர் அதைத் திருகியே இறுக்கப் பார்க்கிறார்கள். அது மடக்குவதற்கானது. கிளாம்புக்கு நேராக நீட்டி நிற்கும்போதே எதிர்ப்பு தெரிய வேண்டும். முழுக்க மடக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அப்படி மடக்கியும் இறங்கினால் நெம்பின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வாஷர் தேய்ந்திருக்கலாம்.

என் கியர் சைக்கிளில் நெம்பை எடுத்துவிட்டு போல்ட் கிளாம்ப் போட்டேன். அன்றிலிருந்து சீட் இறங்கவில்லை. புதுச்சேரியில் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனால் சீட் இருக்குமா என்ற பயமும் போயிற்று. ஒரே சைக்கிளை இரண்டு பேர் தினமும் மாறி மாறி ஓட்டினால் மட்டும் நெம்பை வைத்துக்கொள்ளலாம். மிஷன் வீதிப் பக்கம் வாடகைக்கு விடுபவர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பே நடக்காது.

தகடு வைப்பது

பில்லர் அளவில் கொஞ்சம் குறைவு, காதுகள் தொட்டுவிட்டன, ஆனால் பில்லர் நல்ல நிலையில் இருக்கிறது. இந்த இடத்துக்கு ஏற்றது தகடு. எல்லோரும் செய்வதும் இதைத்தான், பெரும்பாலும் தப்பாகச் செய்வதும் இதைத்தான்.

குளிர்பான அலுமினிய டின்னின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். பில்லரைச் சுற்றி ஒரு சுற்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டம் 0.2 மி.மீ. கூடும். பில்லர்கள் பெரும்பாலும் 0.2 மி.மீ. இடைவெளியில்தான் அளவு அளவாக வருகின்றன. ஆக ஒரு சுற்று டின் என்பது பில்லரை ஒரு அளவு ஏற்றுவதற்குச் சமம். பட்டறைகளில் பித்தளைத் தகடும் கிடைக்கும். அதில் வேண்டிய தடிமனைக் கேட்டு வாங்கலாம்.

25.4 மி.மீ. பில்லரின் சுற்றளவு ஏறக்குறைய 80 மி.மீ. தகட்டை 77 அல்லது 78 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே கூடாது. ஏறினால் அந்த இடத்தில் மட்டும் தடித்து, பில்லர் ஒரு பக்கமாக நெருக்கப்படும். முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஃபிரேமின் பிளவுக்கு நேராக வரட்டும். நீளம் எட்டு சென்டிமீட்டராவது வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் துண்டை வாயில் மட்டும் செருகினால் பில்லர் அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். மேல் ஓரத்தில் நாலைந்து சின்ன வெட்டு கொடுத்து வெளியே மடக்கிவிட்டால் தகடு உள்ளே நழுவாது. டின்னின் பெயின்ட்டையும் உட்பக்கப் பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெட்டிய டின் கையைக் கிழிக்கும். என் கட்டைவிரல் சாட்சி.

மறைந்த செலவு இங்கேதான். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியத் தகடு என்றால் நான் முன்பு சொன்ன அதே பேட்டரிக் கதை. மெல்லிய தகடு என்பதால் சீக்கிரமே அரித்து நொறுங்கும். தகட்டின் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவியே வைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பராமரிப்பு உங்களால் ஆகாது என்றால் தகடு வேண்டாம்.

இரண்டு சுற்றுக்கு மேல் தகடு தேவைப்பட்டால் அந்த பில்லர் அந்த ஃபிரேமுக்கு உரியதே இல்லை. ஒன்று பில்லரை மாற்றுங்கள். அல்லது வித்தியாசம் நிறையவே இருந்தால் கடையில் விற்கும் உறையை வாங்குங்கள்; 27.2 பில்லரை 31.6 ஃபிரேமில் போடுவதற்கெல்லாம் தனியாக உறை வருகிறது. லேத்தில் கடைந்தும் வாங்கலாம். எதுவானாலும் நெடுக ஒரு பிளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளாம்ப் இறுக்கும்போது சுருங்காது.

பழைய டியூபை வெட்டிச் சுற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. ரப்பர் நசுங்கும், பில்லர் சாயும், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வீடு போய்ச் சேர மட்டும் சரி.

புது பில்லர் வாங்குவது

மனசுக்கு நிம்மதியான வழி இது. பழைய பில்லரின் முலாம் உரிந்து, பிடிபடும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தாலோ, குழாய் வளைந்திருந்தாலோ வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

சிக்கல் அளவில்தான். பழைய பில்லரின் அடியில் அளவு பொறித்திருக்கும். ஆனால் பழைய பில்லரே தப்பான அளவாக இருந்தால் அதைப் பார்த்து வாங்குவது அதே தப்பைத் திரும்ப வாங்குவதாகும். ஃபிரேமின் உள்விட்டத்தை அளக்க வேண்டும், அதுவும் வாயில் இல்லை, பிளவுக்குக் கீழே. வாய் ஏற்கெனவே நெருங்கிப்போயிருக்கும். கியர் சைக்கிள்களில் 27.2, 30.9, 31.6 அதிகம். சாதா சைக்கிளில் 25.4 அடிக்கடி பார்க்கலாம், ஆனால் அதையே நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். சைக்கிளையே தள்ளிக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பார்ப்பது மேல். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், கையை எடுத்தால் தானாக விழக் கூடாது. கிளாம்பை இறுக்காமலேயே இப்படி நின்றால் அதுதான் உங்கள் பில்லர்.

கணக்கில் வராத ஒரு செலவு, சீட் கிளிப். சாதா பில்லரின் மேல் முனை 22.2 மி.மீ. குறுகலாக இருக்கும், அதில் தனி கிளிப் உட்காரும். அலாய் பில்லர்களில் கிளிப் பில்லரோடு சேர்ந்தே வரும். சீட்டின் அடிக்கம்பி இரண்டையும் அதுவே பிடிக்கும். ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் சில சமயம் அதில் ஒழுங்காக உட்காராது. பில்லர் வாங்கப் போய் சீட்டும் வாங்கி வந்த கதை உண்டு.

இரும்பு ஃபிரேம் என்றால் இரும்பு பில்லரா, அலாயா? கடலோரத்தில், எளிதில் எடுத்துத் துடைக்க மாட்டேன் என்பவருக்கு முலாம் பூசிய இரும்பையே சொல்வேன். வருஷத்துக்கு ஒருமுறை கிரீஸ் போடுபவர் எதையும் போடலாம்.

ஹோஸ் கிளிப்

பைப்பை இறுக்கும் ஸ்டீல் வளையத்தை, ஃபிரேமின் வாய்க்கு மேலே பில்லரில் மாட்டி இறுக்குவார்கள். பில்லர் இறங்கப் பார்த்தால் வளையம் வாயில் முட்டி நிறுத்தும். சுழல்வதைத் தடுக்காது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவர் போதும், பிடிக்கவில்லை என்றால் கழற்றி எறியலாம். ஃபிரேமுக்குக் கெடுதல் இல்லை. வால் நீட்டிக்கொண்டிருந்தால் தொடையைக் கீறும், வெட்டிவிடுங்கள். கார்பன் பில்லரில் மாட்டவே கூடாது. கிளாம்ப் ஆர்டர் பண்ணி வரும் வரை ஒரு வாரம் ஓட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஓட்டை போட்டு போல்ட் மாட்டுவதும் வெல்டிங்கும்

அக்கா மகளிடம் சொன்னார்களே, வெல்டிங் வைத்துவிடலாம் என்று. அப்படிச் சொல்கிறவர் தப்பானவர் இல்லை. மீன்கூடை கட்டிக்கொண்டு முதுநகரிலிருந்து தினமும் மிதிக்கிற ஒருவர், பதினைந்து வருஷமாக ஒரே உயரத்தில் உட்காருகிறவர், அவருக்கு அது சீட் திருட்டுக்கும் சேர்த்து மருந்து. அவர் சைக்கிள் முழுக்க இரும்பு, ஃபிரேமும் கனம்.

மற்றவர்களுக்கு இது வீட்டுக் கதவை ஆணி அடித்து மூடுவது போல. உயரம் இனி மாறாது. குழாய் மெல்லியது, கை தவறினால் ஓட்டை விழும். வெல்டிங் வைத்த இடத்தில் பெயின்ட் கருகிவிடும். உப்புக் காற்றில் முதல் மழைக்கே துரு ஆரம்பிக்கும். முலாம் பூசிய பில்லரை முலாத்தோடு சூடாக்கும்போது வரும் புகை நச்சு, பட்டறைக்காரருக்கும் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும். அலுமினிய ஃபிரேமில் நினைத்தே பார்க்காதீர்கள். சூட்டில் அந்த இடம் வலு இழந்துவிடும். தெருமுனைப் பட்டறையில் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

குறுக்கே துளையிட்டு போல்ட் மாட்டுவது வெல்டிங்கைவிட நாகரிகமாகத் தெரியும். எனக்கு அது அதைவிடப் பயம். உடம்பின் முழு பாரமும், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு குலுக்கலும் அந்தத் துளையின் ஓரத்தில் வந்து உட்காரும். விரிசல் அங்கேதான் தொடங்கும். பில்லர் உடைந்தால் கூரான குழாய் முனையின் மேல் விழப்போவது நீங்கள்.

வெல்டிங் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. இரும்பு ஃபிரேமின் காது உடைந்துவிட்டது, அல்லது பிளவின் அடியில் விரிசல் கண்டிருக்கிறது. அப்போது பில்லரை வெளியே எடுத்துவிட்டு ஃபிரேமை மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு நிறுத்திவிட்டுப் பற்றவைக்கும் பட்டறைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

ஒரே பார்வையில்

| வழி | இறங்காமல் நிற்குமா | பிறகு கழற்ற வருமா | உயரம் மாற்றலாமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| துடைத்து கிரீஸ் | அளவு சரியென்றால் நிற்கும் | வரும் | ஆம் | ஒரு மணி நேரம் |
| போல்ட், கிளாம்ப் | நிற்கும். காது தொட்டிருந்தால் பயனில்லை | வரும் | ஆம் | தப்பான அளவில் வாங்கினால் இரண்டாவது செலவு |
| தகடு | நன்றாக நிற்கும் | கிரீஸ் இருந்தால் வரும் | ஆம், கொஞ்சம் வேலை | வருஷா வருஷம் பார்க்க வேண்டும் |
| புது பில்லர் | நிற்கும் | கிரீஸ் இருந்தால் வரும் | ஆம் | கிளிப், சில சமயம் சீட் |
| ஹோஸ் கிளிப் | இறங்காது, சுழலும் | வரும் | ஆம் | தொடையில் கீறல் |
| வெல்டிங் | அசையாது | வராது | இல்லை | துரு, சில சமயம் ஃபிரேமே |

எந்தச் சைக்கிளுக்கு எது

தினமும் ஓட்டும் சாதா இரும்பு சைக்கிள் என்றால் துடைப்பது, அப்புறம் போல்ட், அப்புறம் தகடு என்ற வரிசையில் போங்கள். மூன்றும் சேர்ந்தே ஒரு புது பில்லரின் விலைக்குள் அடங்கும். கியர் சைக்கிள், அலாய் ஃபிரேம் என்றால் துடைத்த கையோடு நல்ல போல்ட் கிளாம்ப். அதற்கும் அசைந்தால் பில்லரின் அளவைச் சரிபாருங்கள், தகடு வைத்து ஒப்பேற்றாதீர்கள். ஓட்டுகிறவர் கனமானவர், பில்லரும் நிறைய வெளியே நிற்கிறது என்றால் நேராக நீளமான புது பில்லருக்கே போய்விடுங்கள்.

கிரீஸ் போடும் நாளைத் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு எப்படியும் சைக்கிளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்கு பில்லரையும் வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கிரீஸ் அதற்கு முன்னால் உள்ளே இருக்கும்.

அக்கா மகளின் சைக்கிளுக்கு வருகிறேன். டேப் சோதனையில் பில்லர்தான் இறங்கியது. காதுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. விசாரித்தால், அவள் உயரமாகிவிட்டாள் என்று போன வருஷம் ஒரு கடையில் நீளமான பில்லர் மாற்றியிருக்கிறார்கள். வெர்னியர் வைத்தால் அது ஒரு அளவு குறைவு. ஆக, கிளாம்பை மாற்றச் சொன்னவரும் தப்பு, வெல்டிங் சொன்னவரும் தப்பு. காதுகளை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக விரித்து, ஒரு சுற்று டின் தகடு வைத்து, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, புது போல்ட் போட்டோம். குதிகாலை மிதியின் மேல் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும் உயரத்தில் நிறுத்தினோம். அவள் தன் நெயில் பாலிஷை எடுத்து வந்து பில்லரில் ஒரு கோடு போட்டாள். மூன்று மாதமாகிறது. கோடு இன்னும் ஃபிரேமின் வாயில்தான் நிற்கிறது. போன வாரம் அவள் தம்பி சீட்டை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டான், இறங்கியது.